மேற்கு மாம்பலத்தில் 1987ல் கட்டிய பெரிய ஃப்ளாட்: வாங்கலாமா, என்ன விலைக்கு?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் 1987ல் கட்டிய கட்டடம், தரைத்தளமும் மூன்று மாடியும், மாடிக்கு இரண்டு வீடு, மொத்தம் எட்டு. விற்பனைக்கு வந்திருப்பது இரண்டாம் மாடி வீடு. 1350 சதுர அடி, மூன்று படுக்கையறை, யூடிஎஸ் (மனையில் இந்த வீட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு) 620 சதுர அடி, லிஃப்ட் கிடையாது. கேட்கிற விலை 1 கோடியே 35 லட்சம். அந்தத் தெருவில் காலிமனை சதுர அடி 15,000 ரூபாய்க்குப் போகிறது என்று புரோக்கர் சொல்கிறார். இதே காசுக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் நீச்சல் குளத்தோடு புது ஃப்ளாட் கிடைக்கும், ஆனால் அப்பா அம்மா மாம்பலத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம். இந்த விலைக்கு வேண்டாம். விலை பேசுவதற்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் இருக்கிற மற்ற ஏழு வீட்டுக்காரர்களைப் பற்றி விசாரியுங்கள். நான் கட்டடப் பொறியாளர், வங்கிகளுக்கு வீட்டு மதிப்பீடு போட்டுக் கொடுப்பதுதான் தொழில். பழைய ஃப்ளாட் வாங்கியவர்கள் பின்னால் என்னிடம் வந்து புலம்புகிற விஷயத்தில் பாதிக்கு மேல் சுவரிலோ பத்திரத்திலோ இருப்பதில்லை, பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அளவு. நீங்கள் இந்த வீட்டின் 1350ஐயும் பள்ளிக்கரணைப் புது ஃப்ளாட்டின் 1350ஐயும் ஒப்பிடுகிறீர்கள், அது சரியான ஒப்பீடு இல்லை. எண்பதுகளில் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் பொது இடம் என்றால் ஒரு படிக்கட்டு, வாசல் கேட், மொட்டை மாடி, அவ்வளவுதான். அதனால் அந்த 1350ல் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே இருக்கும். புது அடுக்குமாடியில் லாபி, இரண்டு லிஃப்ட், கிளப் ஹவுஸ், ஜிம் எல்லாவற்றையும் தலைக்குத் தலை பிரித்து உங்கள் கணக்கில் ஏற்றியிருப்பார்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வந்தபிறகு கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் இடத்தை, சொல்லியாக வேண்டும் என்றாலும் விற்பனைப் பையன்கள் வாயில் இன்னமும் பொது இடத்தையும் சேர்த்த சூப்பர் பில்ட்அப்தான் வருகிறது. 1350 என்று சொல்லும் புது வீட்டில் டேப் பிடித்து அளந்தால் 950, 1000க்குள் நின்றுவிடுவது சாதாரணம். பழைய வீட்டின் கூடத்தில் எட்டுப் பேர் தரையில் இலை போட்டு உட்காரலாம், படுக்கையறையில் கட்டில் போட்டபின்னும் கதவு முழுசாகத் திறக்கும், அடுப்படிக்குப் பின்னால் பாத்திரம் கழுவத் தனி இடம் இருக்கும், பரணில் கொலுப்படி முதல் அண்டா வரை ஏறும். அந்த அளவு இடம் புதுசில் வேண்டுமென்றால் 1800 சதுர அடிக்கு விலை கொடுக்க வேண்டும். உங்கள் அப்பா அம்மா சொல்வதில் பிடிவாதம் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, விலைக்கு வருவோம். பழைய ஃப்ளாட்டை சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவதே விற்பவருக்குச் சாதகம். வயதாக ஆகக் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், மண்ணின் மதிப்பு ஏறும். ஆகவே இரண்டையும் பிரித்துப் போடுங்கள். உங்கள் பங்கு மண் 620 சதுர அடி, புரோக்கர் சொன்ன 15,000 ரூபாயையே வைத்தாலும் 93 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 1350க்கு சுமார் 34 லட்சம், அறுபது வருட ஆயுள் என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கிறது, 12 லட்சம் போடலாம். மொத்தம் 1 கோடியே 5 லட்சம். இதுவும் தாராளமான கணக்கு. ஏனென்றால் அந்த 620 சதுர அடியை நீங்கள் வேலி போட்டுத் தனியாக விற்க முடியாது, எட்டுப் பேர் சேர்ந்தால்தான் அது மனை. எட்டுப் பேரும் சேர வாய்ப்பில்லை என்று தெரிந்தால் மண் மதிப்பில் இருபது சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழிப்பேன்.

இந்த இடத்தில் எல்லா புரோக்கரும் ஒரு வசனம் வைத்திருப்பார்கள்: "சார், இன்னும் அஞ்சு வருஷத்துல பில்டர் வருவான், இடிச்சுட்டுப் புதுசா கட்டிக் குடுப்பான், உங்களுக்கு ரெண்டு மடங்கு." உங்கள் விஷயத்தில் இது நடக்குமா என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். எட்டு வீட்டுக்கும் தலா 620 என்றால் மனை 4960 சதுர அடி, ஏறக்குறைய இரண்டு கிரவுண்டு. அதில் நிற்கிற கட்டடம் எட்டு வீடு, தலா 1350, ஆக 10,800 சதுர அடி. மனையைப் போல 2.18 மடங்கு. இந்த மடங்கைத்தான் எஃப்எஸ்ஐ என்கிறார்கள். அந்தக் காலத்தில் சாதாரணக் குடியிருப்புக்கு அனுமதித்தது 1.5. அதாவது இந்தக் கட்டடம் பிறக்கும்போதே அனுமதியைத் தாண்டிப் பிறந்தது. பெரும்பாலும் தரையும் இரண்டு மாடியும் என்று வரைபடம் வாங்கிவிட்டு மூன்றாவதைச் சத்தமில்லாமல் ஏற்றியிருப்பார்கள், அப்போது அது ஊர் வழக்கம். 2019ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எஃப்எஸ்ஐ 2 ஆனது. அதன்படி இன்று இடித்துக் கட்டினால் 9,920 சதுர அடிதான் கட்டலாம். இப்போது இருப்பதைவிடக் குறைவு! எட்டுப் பேருக்கும் பழைய அளவிலேயே வீடு கொடுக்கக்கூட இடம் போதாது, பில்டருக்கு விற்க மிச்சம் ஏது?

பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று ஒன்று இருக்கிறது, அரசுக்குத் தனியாகப் பணம் கட்டி வாங்குவது. அது தெரு அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரை 30 சதவீதம், 12லிருந்து 18 வரை 40, அதற்கு மேல் 50. உங்கள் தெரு 9 மீட்டர், அதாவது முப்பது அடி இருந்தால் 12,896 வரை போகலாம். முப்பது அடி இல்லையென்றால் ஒன்றும் இல்லை. மேற்கு மாம்பலத்தில் முக்கால்வாசித் தெருக்கள் எப்படி என்று உங்களுக்கே தெரியும், இரண்டு பக்கமும் கார் நின்றால் குப்பை வண்டி நுழையத் திணறும். ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு போய் எதிர் மதிலிலிருந்து இந்த மதில் வரை அளந்துவிடுங்கள். சாக்கடை மூடியையும் சேர்த்து அளக்கலாம், ஆனால் ஆவணத்தில் தெரு அகலம் என்ன என்பதுதான் கடைசியில் எடுபடும். முப்பது அடி இருந்தாலும் கூடுதலாகக் கிடைக்கிற இரண்டாயிரம் சதுர அடியில் கட்டுமானச் செலவு, எட்டுக் குடும்பத்துக்கும் இரண்டு வருட வாடகை, அரசுக்குக் கட்டும் பணம், அப்புறம் பில்டரின் லாபம் எல்லாம் வர வேண்டும். எனக்குத் தெரிந்த எந்த பில்டரும் கையில் காசு வாங்காமல் இதைத் தொட மாட்டார்.

இதனால் வீடு மோசம் என்று ஆகாது. இடித்துக் கட்டும் கனவுக்காக நீங்கள் ஒரு ரூபாய்கூட அதிகம் தரக்கூடாது, அவ்வளவுதான். இதே மாம்பலத்தில் இரண்டு கிரவுண்டில் நாலே வீடு இருக்கிற கட்டடங்கள் உண்டு, அங்கே யூடிஎஸ் 1200. அந்த மாதிரி வீடு என்றால் கேட்கிற விலையைக் கொடுக்கலாமா என்று யோசிப்பேன்.

இப்போது அந்த ஏழு பேர். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 2022ல் புதிதாக வந்து 2024ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது, இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது. எட்டில் ஆறு பேர். தாளில் நன்றாக இருக்கிறது. மீதி இரண்டு பேரில் ஒருவர் எண்பது வயதில் தனியாக இருக்கும் பாட்டி, இன்னொருவர் கோர்ட்டுக்குப் போகத் தயாரான ஓய்வுபெற்ற அதிகாரி என்றால் ஆறு பேர் சம்மதத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கலாம்.

இடிப்பது இருக்கட்டும், மொட்டை மாடி ஒழுகினால் யார் செலவு? மோட்டார் எரிந்தால்? தரைத்தளத்துக்காரர் "எனக்கும் மொட்டை மாடிக்கும் என்ன சம்பந்தம்" என்பார், மூன்றாம் மாடிக்காரர் "கழிவுநீர்க் குழாய் அடைப்பு உங்க பிரச்சனை" என்பார், நடுவில் இருக்கிற உங்களுக்கு இரண்டும் வந்து சேரும். ஒரு கட்டடத்தின் எட்டுக் குடும்பமும் ஒத்துப்போகுமா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் கேட்பது, வெளிப்பக்கம் பெயின்ட் அடித்து எத்தனை வருடம் என்பதைத்தான். ஆறேழு வருடத்துக்குள் என்றால் யாரோ ஒருவர் பொறுப்பெடுத்து, கொட்டேஷன் வாங்கி, ஏழு கதவைத் தட்டி, பணம் வசூலித்திருக்கிறார் என்று அர்த்தம். பதினைந்து வருடம் ஆச்சு என்றால் உள்ளே சண்டை இருக்கிறது, அல்லது பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வாடகைக்காரர்கள்தான் குடியிருக்கிறார்கள்.

அசோசியேஷன் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, அல்லது ஒரு மாமா நீள நோட்டில் எழுதித் தன் பீரோவில் பணம் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். (அந்த மாமா இருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கும், அதையும் சொல்ல வேண்டும்.) அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். யார் மூன்று வருடமாக மெயின்டனன்ஸ் தரவில்லை, லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போனது, வக்கீல் கட்டணம் என்று ஏதாவது வரி இருக்கிறதா, எல்லாம் அதில் இருக்கும். மொட்டை மாடி உரிமை யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பழைய பில்டர்கள் சிலர் மொட்டை மாடியை மூன்றாம் மாடிக்காரருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், அல்லது தன் பெயரிலேயே கொஞ்சம் யூடிஎஸ் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். எட்டுப் பத்திரத்தின் யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மனை அளவு வருகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். கூட்டல் நூறு சதுர அடி குறைந்தால் யாரோ ஒருவர் எங்கோ ஒன்பதாவது பங்குதாரராக உட்கார்ந்திருக்கிறார்.

கட்டடத்தைப் பார்ப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விற்கிற வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது, விற்பதற்கு முன் பெயின்ட் அடித்திருப்பார்கள். நேராகக் கீழே முதல் மாடிக்குப் போய், மரியாதையாகக் கேட்டு, அவர்கள் குளியலறையின் கூரையைப் பாருங்கள். அதுதான் உங்கள் குளியலறையின் தரை. பழைய கட்டடங்களில் குளியலறை ஸ்லாபை ஓரடி போல இறக்கிப் போட்டு, குழாயைப் பதித்து, மேலே செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போனால் தண்ணீர் அந்தக் குழிக்குள்ளேயே தேங்கிக் கம்பியை ஊற வைக்கும். கீழ்வீட்டுக் கூரையில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா, பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, பழுப்புக் கோடு ஓடுகிறதா, சிமென்ட் பூச்சு அண்மையில் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறதா. கீழ்வீட்டு அம்மா "நாங்க சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுங்க" என்று ஆரம்பித்தால் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள், அந்தப் பத்து நிமிடம் எந்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டிலும் வராது. அதே வீட்டில் கூடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 87ல் கட்டிய பல கட்டடங்களில் தூண், பீம் கிடையாது, ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர்தான் எடை தாங்குகிறது. கீழே இருப்பவர் ஓப்பன் கிச்சன் ஆசையில் ஒரு சுவரை எடுத்திருந்தால் அதற்கு மேல் நிற்கிறது உங்கள் சுவர். தரைத்தளத்தில் டியூஷன் சென்டர், கிளினிக், கேட்டரிங் சமையல் என்று மாற்றியிருக்கிற இடங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கியபின் செய்யப்போகும் மாற்றத்துக்கும் இதே விதி. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சுத்தியலோடு வருகிற மேஸ்திரி "இது சும்மா பார்ட்டிஷன் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள், நாலரை இஞ்ச்சா ஒன்பதா என்று கதவு நிலையில் அளந்துபார்த்தாலே தெரியும்.

அப்புறம் மொட்டை மாடி. பழைய தட்டோடு பதித்திருப்பார்கள், அதன் அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். ஓடு தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் இடங்களில் தண்ணீர் இறங்குகிறது. மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் குட்டைத் தூண்களைக் குனிந்து பாருங்கள், எப்போதும் ஈரத்தில் இருப்பதால் கட்டடத்தில் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். சன்ஷேடின் அடிப்பக்கம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அடிப்பக்கம், பால்கனி நுனி, இந்த நாலு இடத்திலும் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியவில்லை என்றால் பாதி நிம்மதி.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று தெரிந்தால் எது ஆபத்து எது இல்லை என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைத் தின்றுவிடும். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடி முக்கால் இஞ்ச்சுக்குப் பதில் கால் இஞ்ச் விட்டிருந்தால் சீக்கிரமே கம்பியைத் தொட்டுவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பாளமாகப் பெயர்கிறது. பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரிக் கடலோரம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்து வேலையை வேகப்படுத்தும், மாம்பலத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பெயர்ந்த இடத்தில் புதிதாகக் கொஞ்சம் உடைத்து ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிச்சம் இருக்கிற இடம் ரோஜா நிறமாக மாறும், போய்விட்ட இடம் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். கம்பியைச் சுற்றி ரோஜா நிறம் வந்தால் கட்டடத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. இதோடு கான்கிரீட்டின் உறுதியைப் பார்க்கும் ரீபவுண்ட் சுத்தியல், அல்ட்ராசானிக் சோதனை எல்லாம் செய்து கையெழுத்துப் போட்ட அறிக்கை கொடுக்க ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போடப்போகும் பணத்தோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

பழசு என்றால் விழும், புதுசு என்றால் நிற்கும் என்கிற நினைப்பும் வேண்டாம். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் இடிந்த வாரியக் குடியிருப்புக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியே வந்ததால் உயிர் தப்பினார்கள். எப்படிக் கட்டினார்கள், எப்படிப் பராமரித்தார்கள் என்பதுதான் கணக்கு.

உள்ளே குழாய், மின்சாரம் இரண்டையும் முழுசாக மாற்றுவது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஜிஐ (நாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ளே துருவேறி விரல் நுழைகிற ஓட்டை பென்சில் அளவாகியிருக்கும். வயரிங் ஒரு ஃபேன் ஒரு டியூப்லைட் காலத்தில் போட்டது, மூன்று ஏசி தாங்காது, எர்த் இருக்கிறதா என்பதே சந்தேகம், த்ரீ ஃபேஸ் வாங்க வேண்டியிருக்கும். இரண்டு குளியலறையையும் ஸ்லாப் வரை உடைத்து, வாட்டர்ப்ரூஃப் செய்து திரும்பக் கட்டுங்கள். எல்லாம் சேர்த்து 15 லட்சம் ஒதுக்கி வையுங்கள். மொசைக் தரையை மட்டும் உடைத்துவிடாதீர்கள். பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி வரும், அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவது எடையையும் ஏற்றி அழகையும் கெடுக்கிற வேலை. தேக்குக் கதவு நிலைகளுக்கும் இதையேதான் சொல்வேன்.

தண்ணீர். மாம்பலம் ஒரு காலத்தில் ஏரிப் பக்கம், லேக் வியூ ரோடு என்று பெயர் வைத்துக்கொண்டு ஏரியைக் காணோம். அடியில் களிமண், மழை நீர் சட்டென்று இறங்காது. அதோடு சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் பழைய கட்டடங்களின் வாசல் எல்லாம் தெருவைவிடத் தாழ்ந்து போய்விட்டது. உங்களுக்கு இரண்டாம் மாடி என்பதால் வீட்டுக்குள் வராது, ஆனால் சம்ப், மோட்டார், ஈபி மீட்டர் பலகை மூன்றும் கீழேதான் இருக்கின்றன. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மீட்டர் பலகை வரை தண்ணீர் வந்ததா, சம்ப்பில் சாக்கடை கலந்ததா என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள், எதிரே இருக்கிற இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். 2019 கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி வாங்கினார்கள் என்பதையும் அவரே சொல்வார்.

கார் நிறுத்த இடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, அல்லது "எப்பவும் இங்கதான் நிறுத்துவோம்" வகையா? ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், பகலில் பார்த்தால் எல்லாம் காலியாக இருக்கும். பக்கத்து மனையில் ஓட்டு வீடோ பழைய ஒற்றை வீடோ இருந்தால் உங்கள் ஜன்னலுக்கு இப்போது கிடைக்கிற வெளிச்சம் தற்காலிகம். அது நாளைக்கு ஐந்து மாடியாகும், கட்டும் ஒன்றரை வருடம் சத்தமும் அதிர்வும் இலவசம். எந்த அறைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது என்று இதை மனதில் வைத்துப் பாருங்கள்.

பத்திரம் பற்றி வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், பழைய ஃப்ளாட்டுக்கே உரிய சில சங்கதிகளை மட்டும் சொல்கிறேன். 87ல் பதிவானது யூடிஎஸ் மட்டும்தான் இருக்கும். கட்டுமான ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதிப் பதியாமல் விட்டது. அந்த ஒப்பந்தத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள், எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதற்கு அதுதான் சாட்சி. அனுமதி வரைபடத்தில் இரண்டாம் மாடி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன கணக்குப்படி மூன்றாம் மாடிதான் சந்தேகம், அதை விதிமீறிய கட்டடங்களுக்காக 1999ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டிச் சரிசெய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நோட்டீஸ் வந்தால் மேல் மாடிக்காரருக்கு மட்டும் வராது, மொத்தக் கட்டடத்துக்கும் வரும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் தராதீர்கள். பத்திரத்தை ஒருவரிடம் அடமானமாகக் கொடுத்து, அதைப் பதியாமல் விட்டிருந்தால் வில்லங்கத்தில் வராது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், அடிமனை கோயிலுடையதா என்று. கட்டடம் மட்டும் நம்முடையது, மண் சாமியுடையது என்றால் நான் மேலே போட்ட மொத்தக் கணக்கும் அடிபட்டுப் போகும்.

விற்பவருக்குத் தாயாரிடமிருந்து வந்த சொத்து, மூன்று பிள்ளைகள், ஒருவர் அமெரிக்காவில் என்று எழுதியிருந்தீர்கள். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது வெளிநாட்டில் இருப்பவர் முறையாக அத்தாட்சி பெற்று அனுப்பிய பவர் (அதிகாரப் பத்திரம்) வேண்டும். வரிப்பிடித்தம் இங்கே முக்கியம். உள்ளூர்க்காரருக்கு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு விகிதம் 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும், பொருந்தினால் சர்சார்ஜும், அதுவும் லாபத்துக்கு இல்லை, கொடுக்கிற தொகைக்கே, அவர் குறைந்த பிடித்தச் சான்று வாங்கி வந்தாலொழிய. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஆடிட்டரை இப்போதே பார்த்துவிடுங்கள்.

பணக் கணக்கு இப்படி வரும். 75 லட்சத்துக்கு மேல் வீட்டுக் கடன் என்றால் மதிப்பில் 75 சதவீதம்தான் வங்கி தரலாம். அந்த மதிப்பு என்னைப் போன்ற ஒருவர் போடுவது, விற்பவர் சொல்வது இல்லை. 1 கோடியே 5 லட்சம் என்று அறிக்கை போனால் கடன் 79 லட்சத்துக்குள் நிற்கும், கட்டடத்தின் வயதைப் பார்த்துத் தவணைக் காலத்தையும் குறைப்பார்கள். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 2023 டிசம்பரில் வந்த சலுகை புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்குத்தான், உங்களுக்கு வராது. ஆக 1.35க்கு வாங்கினால் விலையில் 56 லட்சம், பதிவுக்குப் பத்து லட்சத்துக்கு மேல், ரிப்பேருக்கு 15 என்று 80 லட்சத்துக்கு மேல் கையில் வேண்டும். "கொஞ்சம் ரொக்கமா குடுத்துடுங்க, பதிவுச் செலவு மிச்சம்" என்பார்கள். வீட்டுக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறினாலே அந்த ரொக்கத்தை வாங்கிக்கொண்ட விற்பவருக்கு அதே அளவு அபராதம், நீங்கள் நாளை விற்கும்போது காட்டும் வாங்கிய விலையும் குறைந்துபோகும்.

லிஃப்ட் பற்றிக் கடைசியாக. அப்பாவுக்கு இப்போது அறுபத்தைந்து என்றால் இரண்டாம் மாடி இன்னும் பத்து வருடம் ஓடும், முழங்கால் அனுமதித்தால். வெளிப்பக்கம் லிஃப்ட் வைக்கலாம், பக்க இடைவெளி போதுமா, அனுமதி கிடைக்குமா என்பது ஒரு பக்கம், தரைத்தளத்து இரண்டு வீடும் பணம் தராது என்பது இன்னொரு பக்கம். ஆறு வீடு பிரித்துக்கொள்ளத் தயாரா என்பதை அந்த நோட்டு வைத்திருக்கும் மாமாவிடமே கேட்டுவிடலாம். அவர் முகத்தில் தெரிந்துவிடும்.

பேச்சை 1 கோடியில் ஆரம்பியுங்கள், கட்டட அறிக்கை நன்றாக இருந்து அசோசியேஷனும் ஒழுங்காக இருந்தால் 1.15 வரை போகலாம். ஒப்பந்தத்தில் மூன்று மாதம் கெடு கேளுங்கள், அமெரிக்கப் பவர் வந்து சேரவே நாளாகும். ஸ்ட்ரக்சுரல் அறிக்கையோ வங்கி மதிப்பீடோ சரியாக வராவிட்டால் அட்வான்ஸ் முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரியும், பதிவு நாள் வரையிலான மெயின்டனன்ஸ், சொத்துவரி, தண்ணீர் வரி பாக்கி எல்லாம் விற்பவர் பொறுப்பு என்று இன்னொரு வரியும் அதில் இருக்கட்டும்.